இரும்புச் சட்டைக்குள் ஒரு வாக்குமூலம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, சாவியோவுடையது. விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ ஏறியதும் சொல்ல ஆரம்பித்தார். ராயபுரம் வந்து இறங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டி.வி. அறிவியல் புனைவுத் தொடரின் ஏழாம் பகுதிக்கு வசனம் எழுதியவன் நான். சாவியோ அதில் இயந்திரமாக நடித்தவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கி.பி. 2140. எண்ணூர்த் துறைமுகத்தின் மேல் இரண்டு நிலவுகள் எழுந்து—’

நிறுத்திவிட்டேன். எண்ணூரில் இருக்கிற ஒரு நிலவே புகையில் சரியாகத் தெரிவதில்லை.

பிறகு: ‘சாவியோ நல்ல மனிதர்.’

இதையும் அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் அதை நிரூபிக்கிற வேலை என் தலையில் விழும்.

2

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழாம் பகுதி முழுக்க ஒரு நீதிமன்ற விசாரணை. துறைமுகத்தில் சரக்குப் பெட்டி இறக்கும் ஓர் இயந்திர மனிதன் தொழிலாளி ஒருவரை நசுக்கிவிடுகிறது. இயந்திரத்தைக் குற்றவாளி என்று சொல்லலாமா? இதுதான் வழக்கு. விம்கோ நகரில் மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றை நீதிமன்றமாக்கியிருந்தோம்.

இயந்திர உடை ஃபைபரில் செய்தது, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. முதுகுப்பக்கம் போல்ட்டு. அதற்குள் நுழையக்கூடிய ஒல்லியான ஆளைத் தேடியபோது சாவியோ கிடைத்தார். வேலையில்லாமல் இருந்தார். (அதற்கு முன் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.)

அவர் கிரேன் ஆபரேட்டர்.

3

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. கிரேனின் மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. கீழே நின்று கைகாட்டுகிறவர்தான் அவருக்குக் கண். சாவியோவுக்குக் கைகாட்டியவர் அத்தாவுல்லா. இருபது வருஷத் தோஸ்து.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அத்தாவுல்லா ‘இறக்கு’ என்று கைகாட்டினார். சாவியோ இறக்கினார். யாரோ கூப்பிட, அத்தாவுல்லா திரும்பி ஒரு அடி பின்னால் வைத்தார். பெட்டியின் மூலை அவருடைய இடது காலின் மேல் இறங்கியது.

கால் போனது. அந்தக் காலைப்பொழுதும் அவர் நினைவிலிருந்து போனது.

யார்டு ஆபீசில் விசாரணை. “சிக்னல் கிடைத்ததா?” என்று கேட்டார்கள். சாவியோ, “தெரியல” என்றார். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி, அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அத்தாவுல்லாவுக்குச் செயற்கைக் காலும் அதே யார்டின் கேட்டில் காவல்காரர் நாற்காலியும் கிடைத்தன.

இந்த இடத்தில் எனக்கு சாவியோ மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பெரிய தியாகியைக் கதையில் வைத்தால் வாசகர் கொட்டாவி விடுவார். அவரிடமே கேட்டேன்.

“தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். அவன் சாவப் போறான்னு நெனச்சேன். சாவப் போறவன் மேல எப்டி பழி போடறது? அப்புறம் பொழச்சுக்கினான். அதுக்குள்ள லேட்டாயிட்ச்சு.”

அவர் மனைவி ரோசி ஒரே ஒரு தடவை கேட்டாராம்: “பாத்து எறக்கக் கூடாதா?” சாவியோ கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ரோசியும் மறுபடி கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் மீன் விலையும் தண்ணி லாரியும்தான் பேச்சு.

4

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார ஆட்கள் தேவைப்பட்டார்கள். மதியம் பிரியாணி உண்டு என்று சொல்லி அத்தாவுல்லாவை சாவியோதான் அழைத்து வந்தார். (ஆம், நட்பு தொடர்ந்தது. எப்படி என்பது அடுத்த பகுதியில்.)

நீதிபதியாக நடித்தவர் தவசிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். குரலுக்காகத் தேர்ந்தெடுத்தோம்.

இயந்திரத்தின் குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பதாகத் திட்டம். அதனால் இயக்குநர் பெனிஷா, “உள்ளே எதையாவது பேசிட்டிருங்க, தலை ஆடினா போதும்” என்று சாவியோவிடம் சொல்லியிருந்தார்.

கேமரா ஓடியது. தவசிமுத்து என் வசனத்தைச் சொன்னார்:

“குற்றம் சாட்டப்பட்ட இயந்திரமே! நீ சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா?”

யாரும் சாவியோவிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

உடைக்குள்ளிருந்து முணுமுணுப்பு. தவசிமுத்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு நான் எழுதாத வசனம் ஒன்றைச் சொன்னார்: “கேக்கல மக்கா. சத்தமாச் சொல்லு.”

இயந்திரம் சத்தமாகச் சொன்னது. “அவன் கை காட்னான் சார். எறக்குன்னு காட்னான். நான் பாத்தேன். பாத்துதான் எறக்கினேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெனிஷாவுக்கு அந்த முகபாவம் மிகவும் பிடித்துப்போனது. ஷாட் ஓகே.

இரண்டாவது பெஞ்சில் அத்தாவுல்லா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

5

போல்ட்டு கழற்றுகிற ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சாவியோ உடையோடு குற்றவாளிக் கூண்டருகே உட்கார்ந்திருந்தார். அத்தாவுல்லா பிரியாணித் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் கை காட்னனா?”

“காட்னே.”

“எறக்குன்னா?”

“எறக்குன்னுதான்.”

“ஏண்டா அப்பவே சொல்லல?”

இயந்திரம் தலையை மட்டும் ஆட்டியது.

“ரெண்டு வருசமா உன்ன மன்னிச்சுகினு கீறேன்டா நானு. வெள்ளிக்கெழம தவறாம தொழுகைல உக்காந்து மன்னிச்சுகினு கீறேன். எவ்ளோ கஷ்டம் தெரியுமா அது?”

“தெரியும். அவ்ளோ கஷ்டப்பட்டு மன்னிக்கிறவன்கிட்ட எப்டி சொல்றது?”

[இங்கே இருவரும் அழுதார்கள் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம். அத்தாவுல்லா கறித்துண்டு ஒன்றை எடுத்து முகமூடியின் வாய் ஓட்டை வழியாக ஊட்டப் பார்த்தார். ஓட்டை சின்னது. கறி உள்ளே விழுந்துவிட்டது. கலீஜாகிவிட்டது என்று உடைக்காரர் சாயங்காலம் வரை கத்தினார்.]

6

இரண்டு தீர்ப்பையும் எடுத்து வைத்தோம், குற்றவாளி என்று ஒன்று, விடுதலை என்று ஒன்று. சேனல் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எனக்கு அந்த வசதி இல்லை.

பொழுது சாய்ந்ததும் அத்தாவுல்லா, வேண்டாம் என்ற சாவியோவையும் இழுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கே போனார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

“தங்கச்சி, அன்னிக்கு எறக்குன்னு கை காட்னது நான்தான். இவன் மேல தப்பில்ல.”

ரோசி கையிலிருந்த கரண்டியை வைத்தார். அத்தாவுல்லாவைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

“ஊருக்குச் சொல்லல, சரி. எனக்கு இன்னாத்துக்குச் சொல்லல?”



“நாளைக்கு ஆபீஸ்ல போய் சொல்லிடறேன்” என்றார் அத்தாவுல்லா. “இவன் பேரு சுத்தமாவும். திரும்ப கிரேன் ஏறலாம்.”

“உன் நாற்காலி போய்டும்டா” என்றார் சாவியோ. “நாலு புள்ளைய வெச்சுகினு எங்க போவே?”

“போவக் கூடாதா?”

“போவாத.”

“தங்கச்சி, நீ சொல்லு. போவட்டா, வேணாவா?”

இருவரும் ரோசியைப் பார்த்தார்கள்.

அவர் என்ன சொன்னார் என்று மட்டும் சாவியோ எனக்குச் சொல்லவில்லை. “அத்த மட்டும் கேக்காத சார்” என்று நடையைக் கட்டிவிட்டார். ‘போங்க’ என்று எழுதிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள் முறைத்தார்கள். ‘வேணாம்’ என்று எழுதினேன், ரோசியே முறைத்தார். ‘மொதல்ல சாப்டுங்க’ என்பது தப்பித்துக்கொள்கிற வசனம். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு என்பதாலேயே அடித்துவிட்டேன்.

அந்த இரண்டு ஆண்களும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நிற்பது சிரமம். நீங்களாவது சீக்கிரம் எழுதுங்கள்.

ரோசி சொன்னார்: “[                ]”