தெத்துப்பல்

என் வீட்டுக்காரருக்குப் பொய்ப்பல் செய்வது தொழில். கரிக்கட்டியால் ஆள் வரைவது ஐம்பது வயதில் பிடித்த பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்போது, இவர் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில், உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரைச் சுற்றி, தன்னைப் போன்ற பைத்தியங்களோடு உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார்.

"இன்னிக்கு என்னத்தைப் பாத்தீங்க?" என்று கேட்டால், "தோள்பட்டை" என்பார், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி. பிடுங்கிப் பார்த்தால் உண்மையிலேயே தோள்பட்டைதான். அதுவும் யாரோ ஒரு கிழவருடையது. நான் பட்ட பொறாமையெல்லாம் தண்டம்.

உடம்பு அவருக்கு நன்றாக வரும். முகம்தான் வராது. நாள் முழுக்கப் பட்டறையில் மெழுகில் பல் அடுக்கிப் பழகிய கை, கோணலைக் கண்டால் சும்மா இருக்காது. யாரை வரைந்தாலும் மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் சமப்படுத்தி விடுவார். அதனால் வகுப்பு எடுக்கும் அம்மா இவருக்கென்றே ஒரு சட்டம் போட்டிருந்தார். மாடல் எழுந்துவிட்டால் கரியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு கோடுகூடப் போடக் கூடாது.

அப்போதுதான் இவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுபவருக்கு, மேல்தாடையில் கட்டி வந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது பக்கத்து எலும்பையும் பற்களையும் எடுத்தாக வேண்டும், முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"தம்பி, என்னை வரைஞ்சு குடுடா. சிரிக்கிற மாதிரி."

"நல்லதா ஒரு போட்டோ எடுத்துக்கலாமே அண்ணி" என்றேன்.

"ஆஸ்பத்திரியில எடுத்தாங்களே, கன்னத்துப் பக்கத்துல அளவுகோலை வெச்சு. அதுல நான் எங்க இருக்கேன்மா? ஒரு கேஸ்தான் இருக்கு. கேமராவைப் பாத்தாலே எனக்கு வாய் பூட்டிக்கும். எல்லாம் இந்தப் பல்லுக்குப் பயந்துதான்."

வலது பக்கம், பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த தெத்துப்பல் அது. வெளியாட்கள் முன்னால் கையால் மறைத்துக்கொள்வார். வீட்டில் மட்டும்தான் வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகும் மேலுதடு அந்தப் பல்லில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கழித்துத்தான் இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அவரைச் சிரிக்க வைப்பேன்.

அந்த ஞாயிறு இவர் வகுப்புக்கு மட்டம் போட்டார். அண்ணியை எங்கள் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்து, பலகையை மடியில் சாய்த்துக்கொண்டார். சிரிக்க வைப்பது என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் இவர் என் அப்பாவுக்கு வேறு யாருடைய பல்செட்டையோ மாற்றிக் கொடுத்ததையும், மாப்பிள்ளை கொடுத்தது என்று அப்பா அதை வாய் திறக்காமல் போட்டுக்கொண்டு திரிந்ததையும் சொன்னேன். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரி சரசரவென்று ஓடியது. விரலால் தேய்த்துக் கன்னத்து நிழலைக் கொண்டுவந்தார், ரப்பரால் ஒற்றிப் பல்லின் வெள்ளையை எடுத்தார்.

எட்டிப் பார்த்தேன். அண்ணியேதான். உதடு பல்லில் மாட்டியது மாட்டியபடி இருந்தது.

"போதுங்க. இனிமே தொடாதீங்க" என்றேன்.

"காட்டுடா" என்று அண்ணி எழுந்தார்.

"முடிச்சுட்டுக் காட்டறேன்க்கா. கரி உதிராம இருக்க மருந்து அடிக்கணும்."

பலகையைப் பிடுங்கி அண்ணி பக்கம் திருப்பியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பால் பொங்குகிறதென்று அடுப்புக்கு ஓடினேன். இன்றுவரை மனசு ஆறவில்லை.

படத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஆபரேஷன் அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை விரித்தார். அண்ணி கையை நீட்டிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்காங்க" என்றார். "யாருடா இவங்க?"

நான் பார்த்தேன். பற்கள் முத்துக் கோத்தாற்போல் இருந்தன. உதடு இரண்டு பக்கமும் ஒரே அளவு. பல்பொடி டப்பாவில் ஒட்டலாம்.

அப்புறம்தான் அண்ணிக்குப் புரிந்தது. "ஓ... நல்லாருக்குடா" என்று தம்பியின் கையைத் தட்டிக்கொடுத்தார். இவர் சட்டைப்பையில் கரியைத் தேடி எடுத்து, "அக்கா, ஒரே ஒரு தடவை சிரிக்கா" என்றார். அண்ணி முயற்சி செய்தார், பாவம். பயத்தில் உதடு நடுங்கியதே தவிர மேலே ஏறவில்லை. நர்ஸ் வந்து தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வராந்தாவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "மாத்தணும்னு நினைக்கவே இல்லடி. கன்னத்துல ஒரு நிழல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு" என்று அழுதார். மருந்து அடித்த கரியை அழிக்கவும் முடியாது. புதிதாக எத்தனையோ முறை வரைந்து பார்த்தார். ஊராருக்கெல்லாம் பல் வைத்துக் கொடுப்பவருக்கு, தன் அக்காவின் ஒரு பல் எந்தக் கோணத்தில் இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக எனக்கும் வரவில்லை.

புண் ஆறியது. வலது கன்னம் உள்ளே போய், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அண்ணி அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். "கழட்டிடுக்கா" என்று இவர் எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை.

போன வாரம் நாங்கள் போயிருந்தபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வந்திருந்தாள். படத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களா இது? பல்லெல்லாம் எவ்வளவு வரிசையா இருக்கு!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. அப்படியேதான் இருந்தேன். என் தம்பி உள்ளதை உள்ளபடிதான் வரைவான்."