எச்சில் நூல்

அந்தத் தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டருக்கு 'சோப்பு' என்று பெயர். ஃப்ளூ காய்ச்சல் பரவ ஆரம்பித்ததிலிருந்து, கை கழுவாத யாரையும் கத்தரிக்கோலைத் தொடவிட மாட்டார். முந்தாநாள் ஒரே ஒரு தும்மலுக்கு இஸ்திரிக்காரனை வீட்டுக்கு அனுப்பினார்.

"மாஸ்டர், இது வெறும் தூசித் தும்மல்."

"எந்தத் தும்மல்னு விசாரிக்க நான் என்ன போலீஸா? கெளம்புப்பா."

அப்பேர்ப்பட்டவருக்கு இன்று காலை நூற்றொரு டிகிரி காய்ச்சல். எந்த முகத்தை வைத்துக்கொண்டு லீவு கேட்பது? கூடமே சிரித்துத் தீர்த்துவிடும். மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒன்றுக்கு இரண்டாக முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு மூடியிருக்கிறோமே, யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பதினொரு மணி. கோட்டுத் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். எதிர் மேஜையில் பட்டன் தைக்கும் அக்கா புது ஊசி ஒன்றை எடுத்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, நூலை உதட்டில் கவ்விக்கொண்டு பட்டன் டப்பாவைத் துழாவினாள்.

சோப்பு பாதிக் கோட்டில் கையை நிறுத்தினார்.

அக்காவுக்குப் பக்கத்துப் பார்வை மங்கல். தினமும் காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து அவள் மேஜையில் வைப்பது அவர்தான். இன்றும் வைத்திருந்தார். இரண்டு முகக்கவசத்தையும் இறக்கிவிட்டு, நூல் முனையை நாக்கில் நனைத்து நனைத்து, பத்துத் தடவை. இருபது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கை செய்துவிட்டது.

ஊசி குத்திவைக்கும் குட்டி மெத்தையில் மிச்சம் நாலு. ஆறு அவள் உதட்டுக்குப் போய்விட்டது.

இன்று பார்த்தா? அக்காவின் தங்கைக்கு எட்டாம் மாசத்திலேயே பிரசவம். ஒரு மாசமாக அக்கா குழந்தையை ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. நாளைக்குத் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் புருஷனோடு வெளியூர் கிளம்புகிறாள். மதியம் அரை நாள் லீவு போட்டு, முதல் தடவையாகத் தூக்கப் போகிறாள் அக்கா.

சோப்பு எழுந்து போனார்.

"அக்கா, அந்த ஊசியெல்லாம் துரு. குடுங்க, வேற கோத்துத் தரேன்."

"நேத்துப் பிரிச்ச பாக்கெட்டு, அதுக்குள்ள துருவா? அதையும் சோப்பு போட்டுக் கழுவினியா தம்பி?"

தையல்காரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். ஊசிகளைக் குப்பையில் போட்டுவிட்டு இடத்துக்கு வந்தார். நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கினார். பன்னிரண்டு ஆனது. மறுபடி விழுங்கினார். வெட்டிய துணி கோணிக்கொண்டு போனது.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா குழாயடியில் முழங்கை வரை நுரையோடு நின்றாள்.

"நீ சொன்ன மாதிரியே இருபது வரைக்கும் எண்ணித் தேய்ச்சுட்டேன். இனிமே பிள்ளையத் தொடலாம்ல தம்பி?"

"தொடாதீங்கக்கா." சோப்பு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "எனக்குக் காய்ச்சல். காலையில நூலை எச்சில் பண்ணித்தான் கோத்தேன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதை மூடினாள்.

"காய்ச்சல்னு தெரிஞ்சேதான் வந்தியா?"

"ஆமாக்கா."

"ஊசியப் பிடுங்கிட்டுப் போனப்பவே சொல்லியிருக்கலாம்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"நான் வரலடி. எனக்கு ஃப்ளூ ஒட்டியிருக்கும்போல... இல்லடி, வாசல்லகூட வந்து நிக்கல. நீ பத்திரமா ஊருக்குப் போய்ச் சேரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அழுவுதா? போனை அது பக்கத்துல வை."

சோப்பு அன்றே வீட்டில் போய்ப் படுத்தார். மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள். தொண்டை கட்டிய குரல்.

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி தம்பி. நேத்து நூத்திரண்டு."

"குழந்தை..."

"ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. நல்லா இருக்காம்." இருமினாள். இருமல் அடங்க நேரமானது. "அன்னைக்கு நான் தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு படுத்துக்கிட்டு நெனச்சுப் பாக்கறேன். நீயும் நெனச்சுப் பாரு."

போனை வைத்துவிட்டாள்.

மூன்று நாளாக அவர் வேறெதையும் நினைக்கவில்லை. அதைச் சொல்லவாவது அவளைத் திரும்பக் கூப்பிடலாம் என்று போனில் அவள் நம்பரை எடுத்தார். அழுத்தாமலே போனைக் கவிழ்த்து வைத்தார்.