மாடி வீட்டுச் சப்பாத்தி

"நேத்திக்கும் அதே சத்தம்தான் கல்பகம். ஏழு மணியானா என் தலைக்கு மேல சப்பாத்திக் குழவி உருள ஆரம்பிச்சுடறது" என்றாள் ருக்மிணி மாமி.

தார்நாகாவில் ருக்மிணியின் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கும் சக்ரபாணிக்குத்தான் கல்பகத்தின் பெண் நீலாவை நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பையன். இதுவரை மெஸ்ஸில் சாதம் சாப்பிட்டுக் கொண்டிருந்தவன். திடீரென்று ராத்திரிக்குச் சப்பாத்தி என்றால்? கல்பகத்துக்குத் தெரிந்து நம்மவர்கள் வீட்டில் ராத்திரிச் சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் காரணம் ஒன்றுதான். சர்க்கரை வியாதி. அவளுடைய அண்ணாவும் அப்படித்தான் ஆரம்பித்தான். நாற்பது வயதில் மன்னியைத் தவிக்கவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததும் ஞாபகம் வந்தது. "காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?" என்று கிண்ணத்தோடு போனவளிடம், "வேண்டவே வேண்டாம் மாமி" என்று பதறினானே!

"இருபத்தாறு வயசுப் பையனுக்குச் சர்க்கரையா? உனக்கு எதுலதான் சந்தேகம் இல்லை?" என்றார் விஷயத்தைக் கேட்ட அவள் கணவர் அனந்தராமன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

"அவருக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்றாள் நீலா, படக்கென்று.

"உனக்கெப்படிடீ தெரியும்?"

நீலா சமையலறைக்குள் நழுவினாள்.

"இருக்குன்னு தெரிஞ்சுது, இந்தக் கல்யாணம் நடக்காது. என் பொண்ணு இன்னொரு மன்னியா நிக்க வேண்டாம்."

சனிக்கிழமை சாயங்காலம் கல்பகம் மைசூர்பாகு கிளறினாள். டப்பாவில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். கண்ணெதிரே தின்ன வைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானம்.

"மா, நக்கோ, வேண்டாம்! அசிங்கமா இருக்கும்" என்று கெஞ்சிய நீலாவும் கூடவே ஓடி வந்தாள்.

சக்ரபாணி கதவைத் திறந்தபோது முழங்கை வரை மாவு. நீலா தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே தட்டில் நாலைந்து சப்பாத்திகள் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம். கல்பகம் எட்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஜீனி!

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"வெறுமனே மெல்ல முடியலை மாமி. ஜீனியைக் கொட்டித் தின்னாத்தான் உள்ள இறங்கறது."

"அப்போ, அன்னிக்கு ஏன் சர்க்கரையே வேண்டாம்னேள்?"

அவன் ஓரக்கண்ணால் நீலாவைப் பார்த்தான். "அந்தக் காப்பியில சர்க்கரையே இல்லை மாமி. போடச் சொன்னா, காப்பி கலந்த நீலா மறந்துட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"சரி, இந்தச் சப்பாத்தி?"

"கல்யாணத்துக்கப்புறம் நீலா சனத்நகர் ஆபீஸ்லேர்ந்து பஸ் பிடிச்சு வர ஏழரை ஆயிடும். வந்து அடுப்படியில நிக்கணுமா? ராத்திரிச் சமையலை நான் பார்த்துக்கலாம்னு. அவளுக்குச் சப்பாத்தின்னா உசிர். ஆனா மிருதுவாவே வர மாட்டேங்கறது."

ஆனாலும் கல்பகம் விடவில்லை. "இதைச் சாப்பிடுங்கோ" என்று டப்பாவை நீட்டினாள். அவன் ஆசை ஆசையாக மூன்று துண்டு தின்று விரலையும் நக்கினான். மன்னியின் முகம் அவள் மனதை விட்டு விலகியது.

இதற்குள் நீலா மாவில் வெந்நீர் தெளித்துத் தளரப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்திருந்தாள். மாவு ஊறியதும் இட்டுக் கல்லில் போட்டாள். துணியால் ஒற்றியதும் முதல் சப்பாத்தியே பூரியாக உப்பியது. யாரையும் கேட்காமல் இடப்பக்கத்து அலமாரியைத் திறந்து, பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து நெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

மெத்தென்ற சப்பாத்தியைப் பிட்ட கல்பகத்தின் கை நின்றது. நெய் அங்கே இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அனந்தராமன் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள்.

"தை வரைக்கும் தாங்காது. ஆவணியிலேயே ஒரு முகூர்த்தம் பாருங்கோ."