ஜன்னலோரக் கட்டில்

யாரும் படுக்காத கட்டில்களுக்கும் தினமும் விரிப்பு மாற்ற வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. சலவைக்குப் போடுவதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் செவிலி நேற்றைய விரிப்பை உருவி, திருப்பிப் போட்டு, மூலைகளை மடித்துச் செருகினாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து ஜன்னலோரக் கட்டில்களுக்கு ஆள் இல்லை. அங்கே கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கே வந்துவிடும். முதல் தடவை வருபவர்களுக்கு டாக்டர் ஃபீஸ் கிடையாது.

இங்கே வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நோயாளியையாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். படுக்கையில் சேர்த்தால்தான் கணக்கு. சேர்க்காதவர்கள் அடுத்த மாதம் வர வேண்டியதில்லை.

"கும்பல் காட்டுல மழைதான்," என்றாள் துப்புரவு அக்கா, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு.

கும்பல் என்பது அதே வார்டில் இருக்கும் இன்னொரு செவிலிக்கு வைத்த பட்டப்பெயர். பெரிய குடும்பம். போன மாதம் மாமியாருக்குச் சிறுநீரகக் கல். இந்த மாதம் கொழுந்தனுக்கு மஞ்சள் காமாலை. காலைக் கூட்டத்தில் அவளுக்காக எல்லோரும் கைதட்டினார்கள்.

"அவளுக்கென்னக்கா, குடுத்து வச்சவ. வீடு நிறைய நோயாளி."

"உங்க வீட்ல யாருமில்லையா?"

"எங்கம்மா கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவாங்க."

அக்கா சிரித்தாள். செவிலி சிரிக்கவில்லை.

கொழுந்தனின் கட்டிலருகே கும்பல் டிரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடலாம்னாரு டாக்டர். என்ன அவசரம்னேன்." பிறகு திரும்பினாள். "நீயும் யாரையாவது கூட்டிட்டு வாயேண்டி. மாசம் முடியப் போகுது."

"பார்க்கலாம்."

அந்த மஞ்சள் கண்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது கணவன் இருமினான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சளியா?"

"சுவரு தேய்ச்ச தூசி." அவன் பெயிண்டர். எதிர் ஆஸ்பத்திரியின் மாடிச் சுவருக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வந்து படுங்க."

"எனக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல. அதான் பிரச்சனை."

"அங்க பெயிண்ட் அடிச்சுட்டு இங்க வந்து படுத்தா மேஸ்திரி என்ன நினைப்பாரு?"

"காய்ச்சல்னு சொல்லிடுங்க. இல்லன்னா என் வேலை போயிடும்."

அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் டியூட்டி டாக்டர் அவனைத் தொடாமலே, 'சோர்வு' என்று எழுதி, ஒரு டிரிப் ஏற்றச் சொன்னார். மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸ்டாஃப் குடும்பத்துக்குப் பாதிதாம்மா பில். அதை உங்க சம்பளத்துல பிடிச்சுக்கிறோம்."

அவள் தலையாட்டினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த கணவனுக்கு வேலை செய்து முறுக்கேறிய கை. ரப்பரைக் கட்டியதுமே நரம்பு புடைத்து நின்றது. ஊசி ஒரே குத்தில் இறங்கியது. கும்பல் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுடைய கொழுந்தன் காலையில்தான் பிடிவாதமாக வீட்டுக்குப் போயிருந்தான்.

"புருஷனையே கொண்டுவந்து படுக்க வச்சுட்டியா? கெட்டிக்காரிதாண்டி நீ." குரலில் சிரிப்பு இல்லை.

செவிலிக்கு வயிறு குளிர்ந்தது. டிரிப்பின் வேகத்தைத் தேவையில்லாமல் ஒருமுறை சரிபார்த்தாள்.

மேனேஜர் வந்து ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினார். "ரோட்டுல போறவங்களுக்குத் தெரியட்டும், ஆள் இருக்குன்னு."

கணவன் தலையைத் திருப்பினான். எதிர்ச் சுவரின் சாரத்தில், அவன் பாதியில் விட்டிருந்த இடத்தில், யாரோ ஒருவன் நின்று பெயிண்ட் உருளையை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊசி ஏறிய கை தானாக உயர்ந்தது.

"கையை அசைக்காதீங்க," என்றாள் அவள்.