யாரையும் நினைக்காமல் நிற்பவன்

எங்கள் தொழிற்சாலையில் ஜன்னல் கண்ணாடிக்கு ஒளி பாய்ச்சும்போது, எதிரே நிற்பவர் யாரையும் நினைக்கக் கூடாது. கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசியிருப்போம். பளிச்சென்று ஒருமுறை வெளிச்சம் அடித்ததும் அது இறுகிவிடும். பிறகு வெயில் ஏறினால் தானே இருளும், இறங்கினால் தெளியும். நிற்பவர் யாரையாவது நினைத்துவிட்டால், அந்த ஆள் கண்ணாடியின் முன்னால் வந்து நிற்கும்வரை அது தெளியாது.

பதினோரு வருடமாக நிற்பவன் நான்தான். வேலைக்கு எடுக்கும்போது வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். அன்றே சேரச் சொன்னார்கள்.

ஆவணியில் ஒரு புகார் வந்தது. சூப்பர்வைசர் இன்பவல்லி என்னைக் கூப்பிட்டார்.

“ஜெபமணின்னு ஒரு பெரியவர். ஜன்னல் மூணு மாசமா இருட்டாவே இருக்காம். யாரை நினைச்சீங்க?”

“ஒரகடம் பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா. பஸ் போயிடுச்சான்னு எங்கிட்ட கேட்டாங்க.”

“பேரு?”

“தெரியல மேடம்.”

அவர் குறித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, அந்த அம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்ப மாட்டச் சொன்னார்.

ஜெபமணியும் கூட வந்தார். மனைவி இறந்தபின் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் மனிதர்களைப் பார்த்துவந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு, ஆளுக்கொரு பக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். நான் என் சமையலைப் பற்றிச் சொன்னேன். அதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

இருபதாம் நாள் அந்தப் பெண் வந்தார்.

“கொஞ்சம் நகருங்க. பஸ் வருதான்னு தெரியல.”

கண்ணாடி தெளிந்தது. அதன் வழியே பஸ் வருவதைப் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

“பேரைக் கேட்டிருக்கலாமே தம்பி,” என்றார் ஜெபமணி.

“தோணல சார்.”

அவர் வீட்டில் ஜன்னலை மாட்டினேன். காபி கொடுத்தார். மறுநாள் நாங்கள் சந்திக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் நான் எதிரே நின்ற பதினான்கு கண்ணாடிகளும் இருண்டே கிடந்தன. இந்தத் தடவை யார் என்று இன்பவல்லி கேட்டார்.

“ஜெபமணி சார்.”

பதினான்கையும் அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்துக்கொண்டு போனது வேறு ஆள். என்னை முகம் பார்க்கும் கண்ணாடிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எந்தக் கண்ணாடியிலும் என் முகம் விழவில்லை; யாருமில்லாதவர் முகம் அதில் விழாதாம். கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க அதுதான் வசதி என்றார்கள். துடைக்கத் தொடங்கினேன்.