மனப்பாடத்தில் இல்லாத பதில்

அந்தச் சலவை ஆலையில் மதியம் அரை மணி நேரம் இங்கிலீஷ் வகுப்பு. படிப்பது இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் முன்னுக்கு வர வேண்டுமே என்ற அக்கறையில் மேனேஜர் இதை ஆரம்பித்துவிடவில்லை. துணி அனுப்பும் பெரிய ஓட்டலிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் முன்னால் நாலு பேர் சிரித்த முகமாகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வுக்கு முதல் நாள், பத்து வாக்கியம் எழுதிய தாளை மேனேஜர் டீச்சரிடம் நீட்டினார். "இத மட்டும் இவங்க மண்டையில ஏத்துங்க டீச்சர். போதும்."

டீச்சர் பலகையில் எழுத ஆரம்பித்தாள். 'வீ ஆர் வெரி ஹேப்பி.' மூன்றாவது வாக்கியத்தில், வகுப்பில் மூத்தவளான இஸ்திரி அக்கா எழுந்தாள்.

"டீச்சர், பின்கதவு பூட்டியே கிடக்குன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

போன மாதம் துணி உலர்த்தும் மெஷின் புகைந்தபோது, பன்னிரண்டு பேரும் அந்தக் கதவைத்தான் கை வீங்கத் தட்டினார்கள். துணி திருட்டுப் போகிறதாம், அதனால் வேலை நேரம் முழுக்கப் பூட்டு. சாவி மேனேஜர் சட்டைப்பையில். புகை தீயாகியிருந்தால் அன்றோடு எல்லார் கதையும் முடிந்திருக்கும்.

மேனேஜருக்குத் தெரிந்தால் டீச்சரின் வேலை போய்விடும். இந்த வேலைக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவள் என்ன டீச்சர்? பலகையை அழித்தாள். கேட்டதைச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் ஆய்வாளர் அம்மா இஸ்திரி அக்காவிடமே வந்து நின்று, குறை ஏதும் உண்டா என்று கேட்டாள்.

"டோர்..." என்றாள் அக்கா. அதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வேலை ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்.

டீச்சருக்குச் சுர்ரென்று வந்தது. வகுப்பில் யார் எவ்வளவு திணறினாலும் அடுத்தவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். "சார், அவங்க இன்னும் முடிக்கல" என்றாள். அதையே ஆய்வாளர் அம்மாவிடம் ஆங்கிலத்திலும் சொன்னாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மேனேஜர் இருமிப் பார்த்தார். அக்கா பின்கதவுப் பக்கம் கை நீட்டினாள்.

"டோர் லாக். எவ்ரி டே லாக். ஃபயர் கம், வீ டை."

ஆய்வாளர் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரே போய்ப் பின்கதவை இழுத்துப் பார்த்தாள். மேனேஜர் அசடு வழிந்துகொண்டே பூட்டைத் திறந்தார். இனி ஒரு நாள் இது பூட்டியிருந்தாலும் எங்கள் துணி இங்கே வராது என்று எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் அவள் கார் ஏறினாள்.

கார் நகர்ந்ததும் மேனேஜர் டீச்சர் மேல் பாய்ந்தார். "நாளையிலேர்ந்து வகுப்பும் கிடையாது, நீங்களும் வர வேண்டாம்!"

டீச்சர் பதில் சொல்வதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றாள். இப்போது ஒரு திணறலும் இல்லை.

"உள்ள வேணாம்னா வெளிய மரத்தடியில உக்காந்து படிச்சுக்கறோம் சார். கதவுதான் தெறந்தாச்சே."