பகல் ஐஸ்

தலைவர் பேச ஆரம்பித்தால் மைக் தேவையே இல்லை. ஆனாலும் மின்துறை கூட்டிய கருத்துக் கேட்பில் அவர் மைக்கையும் பிடித்துக்கொண்டார், மேசையையும் தட்டினார். ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. கட்டிய மனைவியே தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அதை யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

விஷயம் இதுதான். இரவில் ஊரே தூங்கும்போது மின்சாரத்தை வாங்க ஆளில்லை என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் அரசாங்கம் சலுகை விலை வைத்திருந்தது. அதை நம்பி ஐஸ்காரர்கள் அத்தனை பேரும் மாலையில் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் இயந்திரம் ஓட்டி, விடிவதற்குள் கட்டிகளை எடுத்து மீன் சந்தைக்கு அனுப்பினார்கள். இப்போது புதுக் கொள்கை வந்திருக்கிறது. சூரிய மின்சாரத்தை வளர்க்க வேண்டுமாம். கூரையில் சூரியத் தகடு போட்டால் மானியம், பகலில் மின்சாரம் எடுத்தால் சலுகை, இரவுச் சலுகை ரத்து. அது ரத்தானால் தலைவரின் தொழிற்சாலை அடுத்த மீன் பருவம் வரைகூடத் தாங்காது. இருபது வருட உழைப்பு, இழுத்து மூட வேண்டியதுதான்.

“பகல்ல போட்ட ஐஸ் நிக்காதுங்க,” என்று தலைவர் மைக்கில் முழங்கினார். “சந்தைக்குப் போறதுக்குள்ள தண்ணியாயிடும். எங்க தொழில்ல இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். ஏசி ரூம்ல உக்காந்து சட்டம் போடறவங்களுக்குத்தான் தெரியல. முடிஞ்சா நீங்களே வந்து ஒரு கட்டி போட்டுக் காட்டுங்க, பார்ப்போம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையில் இருந்த அதிகாரி, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், அந்தக் கொள்கையை எழுதியவரே அவர்தான். அது வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் தன் மைக்கைக் கிட்டே இழுத்து, “எப்ப வரட்டும் சார்?” என்றார்.

தலைவருக்குச் சவால் விட்டுத்தான் பழக்கம். அதை ஒருவர் ஏற்றுக்கொண்டால் என்ன செய்வதென்று அவர் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை, இரவு வேலை முடிந்து அவர் அப்போதுதான் கண் அசந்திருந்தார். மனைவி வந்து உலுக்கினாள். “ஏங்க, எந்திரிங்க. நேத்து நீங்க வெத்தலை பாக்கு வைக்காத குறையா கூப்பிட்டீங்களே, அந்த மேடம் வந்திருக்காங்க. கையோட ஸ்வெட்டர் வேற கொண்டு வந்திருக்காங்க.”

தலைவர் பனியனைத் தேடுவதற்குள் அதிகாரி தொழிற்சாலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். கம்ப்ரஸரைப் பார்த்தார், உறையாமல் குளிர்ந்து கிடக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர்த் தகர டப்பாக்களை இறக்கும் விதத்தைப் பார்த்தார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கட்டியை எதில் புதைக்கிறீர்கள், சந்தையில் யார் முதலில் வாங்குவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டதற்குப் பதில் முழுதாக வரும் வரை அடுத்த கேள்விக்குப் போகவில்லை. குறை கண்டுபிடிக்க வருகிற அதிகாரிகளைத் தலைவர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த அம்மாள் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்பது புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ராத்திரிச் சலுகையை ஏன் எடுக்கறீங்க? அதையாவது சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“மத்தியானத்துல வெயில் கரண்ட் மிஞ்சிப் போகுது சார். எடுக்க ஆளில்லாம வீணாகுது. அதே ஊருல ராத்திரி நீங்க மெஷின் ஓட்டறதுக்காக நிலக்கரி எரிக்கறோம். எனக்கு வயிறு எரியுது.”

அவர் வயிறு எரிவதாகச் சொன்னது சும்மா பேச்சுக்காக இல்லை. வீட்டில் சோறு மிஞ்சிக் கொட்டுவதைப் பார்க்கிற பெண்பிள்ளையின் குரல் அது. தலைவருக்கு முதல் முறையாக அந்தக் கொள்கை காதில் விழுந்தது.

தண்ணீர் ஊற்றியதும் அதிகாரிதான். தொட்டி விளிம்பில் ஏறி நின்று, உப்புத் தண்ணீர் செருப்பெல்லாம் தெறிக்க ஊற்றினார். “பார்த்து மேடம்,” என்றான் மச்சினன். தலைவரின் மனைவிக்குத் தம்பி, இயந்திரம் பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது. “உள்ள விழுந்துட்டீங்கன்னா அரசாங்கக் கொள்கை அப்படியே உறைஞ்சு போயிடும்.” அதிகாரி சிரித்ததில் கண்ணாடி நழுவ, நல்லவேளை, அவரே பிடித்துக்கொண்டார்.

மாலையில் மச்சினன் கட்டியை எடுத்து முற்றத்துச் சாக்கின் மேல் வைத்தான். கொஞ்ச நேரத்திலேயே அது நடுவில் பிளந்து, உள்ளேயிருந்து குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மச்சினன் தலைவரின் தோளில் தட்டாத குறை.

அதிகாரி முட்டி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, போனை எடுத்து, நின்ற இடத்திலேயே டைப் செய்து, வாய்விட்டுப் படித்தார். “‘பகலில் ஐஸ் தயாரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. இத்தொழிலுக்கு இரவுச் சலுகை தொடர வேண்டும். என் கணிப்பு தவறு.’ சரிதானே சார்? மேலிடத்துக்கு அனுப்பிடறேன். நேர்ல பார்க்காம எழுதியிருக்கக் கூடாது.”

அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று. ஆனால் தலைவருக்கு அந்தக் கட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கட்டியின் வயிற்றுக்குள் தண்ணீர் இருந்தது என்றால் அது உருகியது அல்ல, உறையவே இல்லை. பகலில் குழாய்த் தண்ணீர் சூடாக வரும், அது உறைய இன்னும் நேரம் வேண்டும். இதுவோ ஊற்றியதே தாமதம். மச்சினன் பழக்கதோஷத்தில், அந்தியானால் இரவு வேலைக்குத் தொட்டி காலியாக வேண்டுமே என்று எடுத்துவிட்டான். இன்று மட்டுமா? எப்போதாவது இரவில் மின்சாரம் போய்ப் பகலில் போட்டபோதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் அவசரமாக எடுத்தார்கள். வேகாத சோற்றை இறக்கிவிட்டு அரிசி சரியில்லை என்றே ஒரு தொழில் முழுதும் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இரவுச் சலுகை கைக்கு வந்துவிடும், தொழிற்சாலை பிழைக்கும், சங்கத்தில் மாலை மரியாதைகூடக் கிடைக்கும். ஆனால் எதிரே ஒரு அதிகாரி, இத்தனை பேர் முன்னால், முகம் சுளிக்காமல் ‘என் கணிப்பு தவறு’ என்று எழுதிக்கொண்டு நிற்கிறார். அரசாங்க ஆள் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதே கிடையாது. அப்படிப்பட்ட மனுஷியை ஏமாற்றி ஜெயிக்க அவருக்கு மனசு வரவில்லை.

“மேடம், அதை அனுப்பாதீங்க,” என்றார். “இது சரியா உறையல. நாங்கதான் அவசரப்பட்டு எடுத்துட்டோம். நாளைக்கு வெயில் ஏறறதுக்கு முன்னாடி வாங்க. முறையா போடலாம்.”

“மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மச்சினன் காதோடு கேட்டான்.

தலைவர் குனிந்து, பிளந்த கட்டியைச் சாக்கோடு ஓரமாக இழுத்துப் போட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவருக்கு அந்த நேரத்தில் டீ கொடுக்கிற வழக்கமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஊற்றி, பொழுது சாயும் வரை இயந்திரத்தை ஓட்டி எடுத்தார்கள். தட்டினால் கணீரென்றது. மரத்தூளில் புதைத்து, சாக்கு போட்டு மூடி, காலையில் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மீன்காரம்மாதான் நீதிபதி. ஐஸை ஒரு பார்வை பார்த்துத் திருப்பி அனுப்பினால் அனுப்பியதுதான், எந்தத் தலைவர் போய் நின்றாலும் நடக்காது. இது பகல் ஐஸ் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இரும்புக் கொக்கியால் கட்டியை ஓங்கிக் குத்தினாள். கொக்கி வழுக்கியது.

“என்ன தலைவரே, இன்னிக்கு சரக்கு கல்லாட்டம் இருக்கு,” என்றாள். “ராத்திரி குறட்டை விடாம வேலை பார்த்தீங்களாக்கும்.”

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினான். தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அவர் ஜெயித்த களிப்பில் குதிப்பார் என்று எதிர்பார்த்தால், கட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரியில எவ்வளவு கரைஞ்சுது சார்?”

“கால்வாசி போயிடுச்சு மேடம்.”

“அப்ப நான் எழுதினது பாதிதான் சரி. சாயங்காலம் எடுத்த கட்டி காலை வரைக்கும் கரையாம இருக்க உங்களுக்கு நல்ல குளிர் அறை வேணும். பேட்டரிக்கு மானியம் கொடுக்கறோம். பேட்டரி என்ன பண்ணுது? பகல் கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்குது. நீங்க அதையே ஐஸா எடுத்து வைக்கறீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இல்லன்னு நான் யோசிக்கவே இல்லையே.”

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பேட்டரி என்றால் பேட்டரிதான், ஐஸுக்கெல்லாம் மானியமா என்று மேலிடத்தில் சிரித்தார்களாம். விடவில்லை. இரண்டு மேலதிகாரிகளை ஐஸ் தொழிற்சாலைக்கே அழைத்துவந்து, தொட்டி விளிம்பில் ஏற்றி நிற்கவைத்துவிட்டார். அதில் ஒருவர் நடுங்கிய நடுக்கத்தைத் தலைவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். ஆளென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வீட்டிலும் சந்தையிலும் அவர் சொல்லிச் சொல்லி, மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இரண்டாவது கருத்துக் கேட்பில் அதிகாரி எழுந்து, முதல் வரைவில் தான் செய்த தவறு என்று ஆரம்பித்தார். குளிர் அறைக்கு மானியம் உண்டு, அறை கட்டி முடிக்கிற வரை இரவுச் சலுகை தொடரும். ஆனால் ஐஸ்காரர்கள் மனமுவந்து பகலுக்கு மாறினால்தான் இது நடக்கும் என்றார்.

மண்டபம் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. “எதிர்த்தே பேசுங்க,” என்று துணைத்தலைவர் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். “இறங்கி வந்துட்டாங்கல்ல, இன்னும் அழுத்துவோம். குளிர் அறையும் வேணும், ராத்திரிச் சலுகையும் வேணும்னு நில்லுங்க.”

தலைவர் மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு மேசையைத் தட்டவில்லை.

“பகல் ஐஸ் நிக்காதுன்னு இதே இடத்துல சொன்னேன். அது தப்பு. என் தொட்டியில போட்டேன், நின்னுது. மீன்காரம்மா கொக்கியால குத்திப் பார்த்தும் வித்தியாசம் தெரியல. இந்த மேடம் தன்னோட தப்பை ரெண்டு தடவை ஒத்துக்கிட்டாங்க. நான் ஒரு தடவையாவது ஒத்துக்க வேண்டாமா? என் தொழிற்சாலை பகலுக்கு மாறுது. வர்றவங்க வாங்க.”

கைதட்ட ஒருவரும் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்த கையோடு சங்கம் கூடி, நடைபாதையிலேயே அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கித் துணைத்தலைவரை உட்காரவைத்தது. விலைபோய்விட்டான் என்றுகூட ஒருவர் சொன்னார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீடு வரை நடந்தே போனார்.

கூரையில் தகடுகள் ஏறின, குளிர் அறை எழும்பியது. முதல் முறையாகப் பகல் சரக்கு முழுவதையும் உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திய மாலையில், இரவுக்கு வேலை ஒன்றுமில்லை என்று வேலையாட்கள் நம்பாமல் நம்பிக் கிளம்பினார்கள். அப்போது போன் வந்தது. புதுத் தலைவர்தான்.

“தலைவரே,” என்றார் அவர், குரலை ரொம்பவும் தணித்து. “காலையில எப்பத் தண்ணி ஊத்தினா சரியா இருக்கும்?”

தலைவர் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்து, விளக்கை அணைத்து, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு வந்தபோது அவர் படுக்கையறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, புது மாப்பிள்ளையாட்டம் நிக்கறீங்க?”

“நான் எந்தப் பக்கம் படுக்கணும்?” என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் படுக்க வரும்போது அவள் எழுந்திருப்பாள், அவள் படுக்கப் போகும்போது அவர் கிளம்புவார்.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள். “நான் எப்பவும் நடுவுலதான் படுத்தேன்.”

அவள் சுவர் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.